வாசகர் கேள்வி – பதில்: இத்தாலிக்குப் போகுமுன் எதை, வந்தபின் எதைப் படிப்பது?

கேள்வி: நானும் என் மனைவியும் அடுத்த மாதம் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் ஆகிய ஊர்களுக்குச் செல்கிறோம். அதற்கு முன் ஏதாவது படித்துவிட்டுப் போக விரும்புகிறோம். பயண வழிகாட்டிகள் கைவசம் இருக்கின்றன. இத்தாலியைப் புரிந்துகொள்ள உதவும் ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ஒரே ஒரு புத்தகம் என்று சொல்ல இயலாமல் இருப்பதற்கான காரணம் அந்த நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. இன்று நாம் வரைபடத்தில் காணும் இத்தாலி ஓர் அரசாக உருவானது 1861-இல்தான். அப்போதுகூட வெனிஸ் ஆஸ்திரியாவின் கையிலும் ரோம் போப்பாண்டவரின் கையிலும் இருந்தன. முன்னது 1866-இலும் பின்னது 1870-இலும் வந்து சேர்ந்தன. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் வெனிஸ் தனிக் குடியரசாகவும், ஃப்ளாரன்ஸ் நெடுங்காலம் மெடிச்சி குடும்பத்தின் ஆளுகையிலும், நேப்பிள்ஸும் சிசிலியும் வேறு மன்னர்களின் கீழும் இருந்தன. ஆகவே அங்குள்ள எழுத்தாளர்கள் இத்தாலியைப் பற்றி எழுதியதைவிடத் தத்தம் ஊரைப் பற்றி எழுதியதே மிகுதி. நீங்களும் ஊர்வாரியாகத் தேடுவதே நல்லது.

இதில் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எழுதியவற்றைப் பயணத்துக்கு முன்பும், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் எழுதியவற்றைத் திரும்பி வந்த பின்பும் படிப்பது. வெளியாள் எழுதும்போது தெரு, கோயில், வெயில், உணவு என்று எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பவனுக்கு விளக்குவதுபோல் விளக்குகிறார். நாமும் அப்படித்தான் போய் இறங்கப்போகிறோம். உள்ளூர்க்காரரோ, தம் தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். அந்தத் தெருவை நாம் ஒரு முறை நடந்து பார்த்திருந்தால் அந்தப் பெயரே போதும். பார்க்காதவருக்கு அது வெறும் எழுத்து.

உங்கள் ஊர்களில் ஃப்ளாரன்ஸுக்கும் ரோமுக்கும், ஒரு மாதத்தில் முடிக்கக்கூடியவையாக இரண்டைச் சொல்கிறேன். வெனிஸைப் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது. முதலாவது, ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1908-இல் வெளியிட்ட ‘எ ரூம் வித் எ வியூ’. இதன் முற்பகுதி ஃப்ளாரன்ஸில் நடக்கிறது. கதாநாயகி லூசி, சாந்தா குரோச்சே ஆலயத்துக்குள் கையில் பயண வழிகாட்டி இல்லாமல் மாட்டிக்கொள்கிறாள். எந்தக் கல்லறை அழகானது, எந்தச் சுவரோவியத்தை வியக்க வேண்டும் என்று சொல்லித்தர யாருமில்லாததால் முதலில் திகைத்துப்போகிறவள், மெல்ல மெல்லச் சுற்றியிருக்கும் மனிதர்களைப் பார்க்கத் தொடங்கி மகிழ்ச்சி அடைகிறாள். சுற்றுலாப் பயணி என்ற பிறவியின் அசட்டுத்தனங்களை இத்தனை அன்போடு கேலி செய்த புத்தகம் வேறு இல்லை என்பது என் எண்ணம். அதே ஆலயத்தில் மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகளுக்கு முன் நீங்கள் நிற்கும்போது, கைப்பேசியைப் பையில் வைத்துவிட இது துணை செய்யும்.

இரண்டாவது, மார்கரீத் யூர்ஸ்னார் பிரெஞ்சில் எழுதி 1951-இல் வெளியான ‘ஹாட்ரியனின் நினைவுக் குறிப்புகள்’. முதுமையில் நோயுற்ற ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன், பின்னாளில் அரியணை ஏறவிருக்கும் இளைஞர் மார்க்கஸ் அவுரேலியசுக்கு எழுதும் நீண்ட கடிதமாக இந்த நாவல் அமைந்திருக்கிறது. ரோமின் பாந்தியன், திவோலியில் உள்ள பேரரசரின் மாளிகைச் சிதைவுகள், தைபர் ஆற்றங்கரையில் அவருக்கான சமாதியாக எழுந்து பிற்காலத்தில் கோட்டையாக மாறிய சாந்தாஞ்சலோ ஆகிய மூன்றுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார் என்பதை எந்த வழிகாட்டி நூலும் சொல்லும். அந்த மனிதரின் குரலை இந்த நாவலில்தான் கேட்க முடியும். வேகமாகப் படிக்கக்கூடிய நூல் அல்ல. ஆகவே இதை முதலில் தொடங்குங்கள்.

கேள்வி: ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் ‘இத்தாலியப் பயணம்’ இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய நூல். இன்று பயணம் போகிறவருக்கு அதனால் பயன் ஏதும் உண்டா?

பதில்: பயணக் குறிப்பாகப் பயன் இல்லை, பயணியைப் பற்றிய நூலாக மிகுந்த பயன் உண்டு. 1786 செப்டம்பர் 3 அன்று விடியற்காலையில், நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் கார்ல்ஸ்பாட் நகரிலிருந்து கதே புறப்பட்டார். வைமார் அரசில் உயர் பதவி வகித்த, ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற எழுத்தாளர் அவர். அப்படிப்பட்டவர் தம்மை யாரும் அடையாளம் காணக்கூடாது என்று மோலர் என்ற பொய்ப்பெயரில், ஓவியராக நடித்துக்கொண்டு ரோமில் வசித்தார். 1788 வரை இத்தாலியில் இருந்தார். குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டதோ 1816-இலும் 1817-இலும். எனவே நாம் படிப்பது சுடச்சுட எழுதியது அல்ல, முதியவர் ஒருவர் தம் முப்பதுகளைத் திருத்தி எழுதியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நூலில் எனக்குப் பிடித்தவை அவர் பார்த்தவற்றைவிடப் பார்க்காமல் விட்டவையே. அசிசிக்குச் சென்றவர், அங்குள்ள பழைய ரோமானியக் காலத்து மினர்வா கோயிலின் முன்புறத்தைக் கண்டு மெய்மறந்து நின்றார். புனித ஃபிரான்சிஸின் பெருங்கோயிலையும் அதிலுள்ள சுவரோவியங்களையும் அருவருப்போடு ஒதுக்கிவிட்டு நடந்தார். இன்று அசிசிக்குப் போகும் அனைவரும் காணச் செல்வது அவர் ஒதுக்கிய அந்தக் கோயிலைத்தான். ஃப்ளாரன்ஸில் ரோமுக்குப் போகும் அவசரத்தில் சில மணி நேரம் மட்டுமே தங்கினார். ஒரு மேதையே தம் காலத்தின் ரசனைக்கு உட்பட்டுத்தான் பார்க்கிறார் என்றால், ‘கட்டாயம் பார்க்க வேண்டியவை’ என்று நம் காலம் தயாரித்துத் தரும் பட்டியலுக்கும் அதே கதிதான் என்று சற்றுத் தைரியம் வருகிறது. மாறாக, பாதுவாவின் தாவரவியல் தோட்டத்தில் ஒரு பனை மரத்தின் முன்பும், பலெர்மோவின் பொதுத் தோட்டத்திலும் அவர் தாவரங்களின் ஆதி வடிவத்தைப் பற்றிச் சிந்திக்கும் பக்கங்கள், கவிஞர் ஒருவர் அறிவியலாளராக மாறுவதைக் கண்முன் காட்டுகின்றன. கவிஞர் ஆடனும் எலிசபெத் மேயரும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1962-இல் வந்தது, நன்றாக இருக்கிறது. முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் நேப்பிள்ஸ், சிசிலிப் பகுதியை மட்டும் படிக்கலாம்.

கேள்வி: பாம்பெய்க்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். தடித்த வரலாற்று நூல்களைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

பதில்: அப்படியானால் உங்களுக்கென்றே எழுதியதுபோல் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது விரிகுடாவின் மறுகரையில் மிசேனம் என்னும் துறைமுகத்தில் இருந்த பதினேழு வயது இளைஞர், பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டசின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுதியவை அவை. இளைய பிளினி என்று அவரை அழைக்கிறோம். மலையின் மீது எழுந்த மேகம் குடைபோல் விரியும் பைன் மரத்தின் வடிவில் இருந்தது என்று அவர் எழுதியிருப்பதை இன்றைய எரிமலை ஆய்வாளர்களும் எடுத்தாளுகிறார்கள். அவ்வகை வெடிப்புக்கே அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். கடற்படைத் தளபதியாக இருந்த அவருடைய மாமா, மக்களைக் காப்பாற்றக் கப்பல்களோடு போய் அங்கேயே இறந்துபோனார். விழும் கற்களிலிருந்து தப்ப அவருடன் இருந்தவர்கள் தலையணைகளைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார்கள் என்ற ஒரு வரி, பாம்பெய் அகழ்விடத்தில் நடக்கும்போது என்னை விடாமல் தொடர்ந்தது. இரண்டு கடிதங்களையும் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். உங்களுக்குப் பொறுமை பிறந்தால், அந்நகரின் அன்றாட வாழ்வைப் பற்றி மேரி பியர்ட் 2008-இல் எழுதிய நூல் இருக்கிறது. ரொட்டிக்கடை முதல் தேர்தல் விளம்பரம் வரை எல்லாவற்றையும் விசாரிக்கும் அவர், சான்று இல்லாத இடத்தில் கதை கட்ட மறுக்கிறார்.

கேள்வி: தாந்தேயைப் படிக்காமல் இத்தாலிக்குப் போவது குறையா?

பதில்: குறை இல்லை. ஆனால் திரும்பி வந்த பிறகும் படிக்காமல் இருப்பது குறைதான். ‘தெய்வீக நாடகம்’ நூறு காண்டங்கள் கொண்டது. முதற்பகுதியான நரகத்தில் மட்டும் முப்பத்து நான்கு. அந்த நரகத்தில் தாந்தே சந்திக்கும் மனிதர்களில் பலர் அவருடைய ஊர்க்காரர்கள், அண்டை ஊர்க்காரர்கள், அரசியல் எதிரிகள், ஒருவர் அவர் மதித்த ஆசிரியர். முன்பின் தெரியாதவர் படிக்கும்போது அடிக்குறிப்புகளே கவிதையை விழுங்கிவிடும். ஃப்ளாரன்ஸின் ஞானஸ்நான மண்டபத்தையும் குறுகலான பழைய தெருக்களையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு, இது ஊர்ச்சண்டையில் தோற்றுத் துரத்தப்பட்ட ஒருவரின் கோபம் என்பது சட்டென்று விளங்கும். அவர் 1302-இல் நாடு கடத்தப்பட்டார். 1321-இல் ராவென்னாவில் இறந்தார். இடையில் ஒரு முறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. நான் மேலே குறிப்பிட்ட சாந்தா குரோச்சேயில் அவருக்கும் ஒரு பெரிய கல்லறை இருக்கிறது, அது வெறுமையானது. ஃப்ளாரன்ஸ் பலமுறை கேட்டும் ராவென்னா அவருடைய எலும்புகளைத் தரவில்லை.

பீசாவுக்குப் போய்ச் சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேர், அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள குதிரைவீரர் சதுக்கத்துக்குப் போகிறார்கள்? கோமகன் உகோலினோவை மகன்களோடும் பேரன்களோடும் பட்டினி போட்டுக் கொன்ற சிறைக்கோபுரம் அங்கே ஒரு கட்டடத்துக்குள் அடங்கியிருக்கிறது. நரகத்தின் முப்பத்து மூன்றாம் காண்டம் அவருடைய வாக்குமூலம். அதிலிருந்தே தொடங்கினாலும் தவறில்லை.

கேள்வி: போன மாதம் திரும்பினோம். எத்தனையோ ஆலயங்கள், எத்தனையோ ஓவியங்கள். இப்போது படங்களைப் புரட்டினால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. எல்லாம் கலந்துவிட்டது. இனிப் படித்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

பதில்: இப்போதுதான் பயன் தொடங்குகிறது. கலந்துபோனவற்றைப் பிரித்து அடுக்கக் கலை வரலாற்றுப் பாடநூலை எடுக்காதீர்கள். ஜோர்ஜோ வசாரியின் ‘கலைஞர்களின் வாழ்க்கைகள்’ நூலிலிருந்து உங்களுக்கு நினைவிருக்கும் ஐந்தாறு பெயர்களை மட்டும் எடுத்துப் படியுங்கள். நீங்கள் வரிசையில் காத்திருந்து நுழைந்திருக்கக்கூடிய உஃபீட்சி கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. நூல் முதலில் 1550-இலும் விரிவான வடிவில் 1568-இலும் வெளிவந்தது. வசாரி மைக்கேலாஞ்சலோவை நேரில் அறிந்தவர். பட்டறை வம்புகளை ரசித்துச் சொல்பவர். ஃப்ளாரன்ஸ்காரர்தான் உயர்ந்தவர் என்ற பக்கச்சார்பை மறைக்காதவர். அவர் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. ஆந்திரேயா தெல் காஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் பொறாமையால் தொமெனிகோ வெனெட்சியானோவைக் கொன்றார் என்று எழுதிவைத்தார். உண்மையில் கொலையாளி என்று சொல்லப்பட்டவர் 1457-இல் கொள்ளை நோயில் இறந்தார், கொலையுண்டதாகச் சொல்லப்பட்டவர் அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். இப்படிப்பட்ட பிழைகளைப் பதிப்பாசிரியர்கள் குறிப்பிட்டுவிடுகிறார்கள் என்பதால், அவற்றையும் சேர்த்தே ரசிக்கலாம்.

ஃப்ளாரன்ஸ் தொடருந்து நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் சாந்தா மரியா நொவெல்லா ஆலயம் உங்கள் படங்களில் கட்டாயம் இருக்கும். 1348-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது ஏழு இளம் பெண்களும் மூன்று இளைஞர்களும் சந்தித்து, ஊரைவிட்டு வெளியேறத் தீர்மானித்தது அந்த ஆலயத்தில்தான் என்று பொக்காச்சியோ தம் ‘தெக்கமரோன்’ நூலைத் தொடங்குகிறார். மலைப்புறத்து மாளிகையில் ஒதுங்கியிருந்தபடி நாளொன்றுக்குப் பத்து என்று அவர்கள் சொல்லும் நூறு கதைகளே நூல். முன்னுரையில் வரும் நோயின் வர்ணனை, பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்துவந்த நமக்குப் புனைவாகவே தோன்றாது. கதைகளில் நூறையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டாம் நாளின் ஐந்தாவது கதையை மட்டும் தவறவிடாதீர்கள்: குதிரை வாங்க ஐந்நூறு பொற்காசுகளோடு நேப்பிள்ஸுக்கு வரும் பெரூஜா இளைஞன் ஒரே இரவில் ஏமாற்றப்பட்டு, மலக்குழியில் விழுந்து, பேராயர் ஒருவரின் கல்லறைக்குள் அடைபட்டு, கடைசியில் மாணிக்க மோதிரத்தோடு ஊர் திரும்புகிறான். இளமையில் நேப்பிள்ஸில் வாழ்ந்த பொக்காச்சியோவுக்கு அந்நகரின் சந்துகள் அத்துப்படி என்பது கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிகிறது.

கேள்வி: பெரும்பாலோர் ரோமுக்கு வடக்கேயே சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். நாங்கள் நேப்பிள்ஸ், மத்தேரா, சிசிலி என்று தெற்கே மட்டும் போகத் திட்டமிட்டிருக்கிறோம். என்ன படிக்கலாம்?

பதில்: நல்ல திட்டம். இத்தாலிய உரைநடையின் உச்சங்கள் என்று நான் கருதுபவற்றில் பாதி தெற்கைப் பற்றியவை. ஆகவே இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிசிலிக்கு ஜுசெப்பே தொமாசி தி லாம்பெதூசாவின் ‘சிறுத்தை’. நான் சொன்ன முன்–பின் விதிக்கு இது விலக்கு. உள்ளூர்க்காரர் எழுதியதாயினும் போகும் முன்பே படித்துவிட வேண்டும். ஆசிரியர் சிசிலியப் பிரபு குடும்பத்தின் கடைசி வாரிசு. வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருந்துவிட்டு, இறுதி ஆண்டுகளில் இந்த ஒரே நாவலை எழுதினார். இரண்டு பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1957-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நூல் வெளியானது. அதற்கும் அடுத்த ஆண்டு நாட்டின் முதன்மையான ஸ்த்ரேகா பரிசைப் பெற்றது. 1860-இல் கரிபால்டியின் படை சிசிலியில் இறங்குவதிலிருந்து கதை தொடங்குகிறது. இத்தாலி ஒன்றுபட்டதைப் பள்ளிப் பாடம் வீரகாவியமாகச் சொல்லும். இந்த நாவல் அதை ஒரு பிரபுவின் சாப்பாட்டு மேசையிலிருந்து, களைப்போடும் கிண்டலோடும் பார்க்கிறது. ஒற்றுமைக்கான வாக்கெடுப்பில் ‘இல்லை’ என்று வாக்களித்த ஏழை வேட்டைத் துணைவன் ஒருவன், முடிவு அறிவிக்கப்படும்போது ஊரில் ஒருவர்கூட ‘இல்லை’ என்று சொல்லவில்லை என்று கேட்கிறான். புதிய அரசு பிறந்த கணத்திலேயே பொய்யும் பிறந்துவிட்டது என்பதை அந்த ஓர் அத்தியாயம் உணர்த்திவிடுகிறது. பலெர்மோவின் சிதைந்த மாளிகைகளுக்கு முன் நிற்கும்போது, அவை ஏன் அப்படிச் சிதைய விடப்பட்டன என்று நீங்கள் வேறு எவரையும் கேட்க வேண்டியிருக்காது. விஸ்கோந்தி 1963-இல் எடுத்த திரைப்படமும் சிறப்பானதே. ஆனால் நாவலுக்குப் பிறகு பாருங்கள்.

மத்தேராவில் இன்று பலர் குகை விடுதிகளில் தங்குகிறார்கள். அங்கே முன்பதிவு செய்திருந்தால் கார்லோ லேவியின் ‘கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்’ என்ற நூலைப் படிக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது என்றே சொல்வேன். டூரின் நகரைச் சேர்ந்த மருத்துவரும் ஓவியருமான லேவியை, முசோலினியின் அரசு 1935-இல் தெற்கின் லுக்கானியா பகுதிக்குத் தண்டனையாக அனுப்பிவைத்தது. அலியானோ என்ற மலைக்கிராமத்தில் அவர் கண்ட மலேரியா, வரிக்கொடுமை, மாந்திரீகம், அரசு என்றாலே எட்டாத தொலைவில் இருக்கும் பகை என்ற விவசாயிகளின் எண்ணம் ஆகியவை 1945-இல் நூலாக வந்தன. அவரைப் பார்க்க வரும் வழியில் மத்தேராவைக் கடந்த அவருடைய சகோதரியின் வாய்மொழியாக அந்தக் குகைக் குடியிருப்புகளின் நிலை அதில் பதிவாகியிருக்கிறது: கால்நடைகளோடு ஒரே அறையில் வாழும் குடும்பங்கள், காசு கேட்காமல் கொய்னா மருந்து கேட்டு ஓடிவரும் குழந்தைகள். நூல் நாட்டையே உலுக்கிய பிறகு, 1952-இல் சட்டம் இயற்றி மக்களை வெளியேற்றினார்கள். வெறிச்சோடிக் கிடந்த அதே குகைகள் 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன; 2019-இல் மத்தேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. அழகான விளக்கொளியில் இரவுணவு அருந்தும் அறை யாருடைய வீடாக இருந்தது என்பதை அறிந்துகொண்டு அருந்துவது நல்லது. லேவி தம் விருப்பப்படி அலியானோவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நேரம் இருந்தால் அங்கும் போகலாம்.

நேப்பிள்ஸுக்கு எலெனா ஃபெரான்டேவின் நான்கு நாவல்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் வெளிவந்த இவற்றின் ஆசிரியர் புனைபெயருக்குப் பின்னால் இருக்கவே விரும்புகிறவர். அவர் யார் என்று துப்பறியும் முயற்சிகளில் எனக்கு ஆர்வம் இல்லை. லெனு, லீலா என்ற இரு தோழியரின் அறுபது ஆண்டு உறவு, பொறாமையும் பாசமும் பிரிக்க முடியாதபடி பிணைந்த உறவு, இதன் பொருள். முதல் நாவலில் இரு சிறுமிகளும் கடலைப் பார்ப்பதற்காகப் பள்ளியைத் தவிர்த்துவிட்டு நடக்கிறார்கள். சுரங்கப் பாதையைக் கடந்து வெகு தொலைவு போன பிறகு மழை பிடித்துக்கொள்ள, பாதியிலேயே திரும்புகிறார்கள். விரிகுடாவின் அழகுக்காகவே உலகம் தேடி வரும் நகரத்தில் கடலைப் பார்த்தறியாத குழந்தைகள் இருந்தார்கள் என்பது, அஞ்சலட்டைப் படங்களுக்கு அப்பால் உள்ள நேப்பிள்ஸை ஒரே வீச்சில் திறந்துவிடுகிறது. இவற்றைத் திரும்பி வந்தபின் படியுங்கள். நான்கையும் தொடங்கினால் வேறு வேலை ஓடாது.

கேள்வி: சிசிலி என்றதும் ‘காட்ஃபாதர்’தான் நினைவுக்கு வருகிறது. மாஃபியாவைப் பற்றி உருப்படியாகப் படிக்க எதுவும் இல்லையா?

பதில்: அது நியூயார்க்கில் பிறந்த ஒருவர் எழுதிய அமெரிக்க நாவல். சிசிலியிலேயே பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்த லியொனார்தோ ஷாஷா 1961-இல் எழுதிய ‘ஆந்தையின் பகல்’ மிகச் சிறியது. பேருந்தில் ஏற ஓடிவரும் ஒருவர் காலை நேரத்தில் சுட்டுக்கொல்லப்படுகிறார். காவல்துறை வந்ததும் பேருந்தில் இருந்த அத்தனை பயணிகளும் நழுவி மறைந்துவிடுகிறார்கள். வடக்கிலிருந்து வந்த நேர்மையான அதிகாரி உண்மையைக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்து என்ன ஆகிறது என்பதே கதை. மாஃபியா என்று ஒன்றே இல்லை என்று அரசியல்வாதிகள் மேடையில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது இது.

கேள்வி: வெனிஸைப் பற்றி எழுதப்பட்டவை கணக்கில்லாமல் இருக்கின்றனவே, எதை விட்டுவிடலாம்?

பதில்: ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கினின் ‘வெனிஸின் கற்கள்’ மூன்று பெரும் தொகுதிகள், கட்டடக்கலையில் தனி ஈடுபாடு இல்லாதவர்கள் விட்டுவிடலாம். மாளிகையும் காதலும் முகமூடியுமாக வரும் பெரும்பாலான வரலாற்றுக் காதல் நாவல்களையும் விட்டுவிடலாம். தாமஸ் மன்னின் ‘வெனிஸில் மரணம்’ 1912-இல் வந்த குறுநாவல். ஓரிரு மாலைகளில் முடியும். நகரில் காலரா பரவுவதைச் சுற்றுலா வருமானம் போய்விடுமே என்று அதிகாரிகள் மூடி மறைப்பது அதன் பின்னணி. பயணத்துக்கு முன் இதைப் படியுங்கள். திரும்பிய பின் இடாலோ கால்வினோவின் ‘புலப்படாத நகரங்கள்’. இதில் மார்க்கோ போலோ, குப்ளாய் கானிடம் ஐம்பத்தைந்து கற்பனை நகரங்களை வர்ணிக்கிறார். வெனிஸைப் பற்றி மட்டும் நீ சொல்லவே இல்லையே என்று பேரரசர் கேட்க, நான் சொன்ன ஒவ்வொரு நகரமும் அதைப் பற்றியதுதான் என்ற பொருளில் பதில் வருகிறது.

கேள்வி: போரையும் பாசிசத்தையும் பற்றி அந்நாட்டவர் எழுதியவற்றில் எவை முக்கியமானவை?

பதில்: நீங்கள் போகும் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன். ஃபெர்ராரா என்றால் ஜோர்ஜோ பசானியின் ‘ஃபின்சி-கொந்தீனிகளின் தோட்டம்’, 1962. யூதர்களுக்கு எதிரான 1938-ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் டென்னிஸ் சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட இளைஞர்கள், ஒரு செல்வக் குடும்பத்தின் மதில் சூழ்ந்த தோட்டத்தில் கூடி விளையாடுகிறார்கள். கதையில் வரும் எர்க்கோலே தெஸ்தே வீதி உண்மையானது, தோட்டம் கற்பனை. தேடி அலைய வேண்டாம். டூரின் என்றால் நத்தாலியா கின்ஸ்பர்க்கின் ‘குடும்ப அகராதி’, 1963. கணவரை ரோமின் சிறையில் இழந்த ஒருவர், தம் வீட்டில் புழங்கிய கேலிச் சொற்களையும் தந்தையின் வசவுகளையும் கொண்டே ஒரு காலத்தை எழுப்பிக் காட்டுகிறார். துயரத்தைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு உணர்த்துவது அரிது. ரோம் என்றால் எல்சா மொராந்தேவின் ‘வரலாறு’, 1974. 1943 ஜூலை 19 அன்று குண்டுவீச்சுக்கு ஆளான சான் லொரென்சோ பகுதியில் வாழும் ஓர் ஏழை ஆசிரியையும் அவளுடைய சிறு மகனும் இதன் மையம். பெரிய நூல், மனத்தைப் பிழியும் நூல், பயணத்தின்போது வேண்டாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் நாவல் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. தமிழிலேயே ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ‘புலப்படாத நகரங்கள்’ சா. தேவதாஸ் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே தி. ஜானகிராமன் இரண்டு நூல்களைத் தமிழுக்குத் தந்திருக்கிறார். ஒன்று, ‘அன்னை’. 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற, சார்தீனியாத் தீவில் பிறந்த கிராசியா டெலடாவின் நாவல் அது. தன் மகனான இளம் பாதிரியார் ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டதை அறிந்த ஏழைத் தாயின் தவிப்பு, இரண்டே நாள்களுக்குள் நிகழ்ந்து முடிகிறது. மற்றொன்று, ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்டின் ‘குள்ளன்’. மறுமலர்ச்சிக்கால இத்தாலிய அரண்மனை ஒன்றில் இளவரசனுக்கு ஊழியம் செய்யும் குள்ளன், மனித வெறுப்பின் உச்சத்திலிருந்து தன் கதையைச் சொல்கிறான். அங்கு வந்து தங்கும் ஓவியர் பெர்னார்தோவிடம் லியொனார்தோ தா வின்சியின் சாயல் தெளிவாகத் தெரியும். ஃப்ளாரன்ஸின் ஓவியங்களைக் கண்டு மயங்கி வந்தவர்களுக்கு அந்த மயக்கத்தைத் தெளிவிக்க ஏற்ற நூல். தாய்மையின் நாவலையும் வெறுப்பின் நாவலையும் ஒரே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்தார் என்பதும் யோசிக்கத்தக்கது.

வெரோனாவுக்கும் மாந்துவாவுக்கும் போகிறவர்களுக்கு ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவ்வட்டாரத்தில் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர் இருக்கிறது. ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர் அதுதான். 1859-இல் அருகிலுள்ள சோல்ஃபெரினோவில் நடந்த போரில் காயமுற்ற வீரர்களை அவ்வூர் மக்கள் தங்கள் ஆலயத்தில் கிடத்திப் பராமரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்த ஜெனீவா வணிகர் ஆன்றி துனான், 1862-இல் ‘சோல்ஃபெரினோவின் நினைவு’ என்ற சிறு நூலை எழுதினார். செஞ்சிலுவைச் சங்கம் அந்த நூலிலிருந்து பிறந்தது. அச்சங்கத்தின் அருங்காட்சியகமும் அவ்வூரில் இருக்கிறது.

கேள்வி: எட்டு வயது மகளையும் அழைத்துப் போகிறோம். அவளுக்கு என்ன வாங்கித் தரலாம்?

பதில்: ‘பினோக்கியோ’தான் முதலில், ஆனால் சுருக்கிய வண்ணப் பதிப்பாக இல்லாமல் கார்லோ கொலோதி எழுதிய மூல நூலின் முழு மொழிபெயர்ப்பாக இருக்கட்டும். 1881-இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கிய அந்தக் கதையில் பொம்மைச் சிறுவன் பதினைந்தாம் அத்தியாயத்தில் ஓக் மரத்தில் தூக்கிலிடப்படுகிறான். அத்தோடு முடித்துவிடவே ஆசிரியர் எண்ணியிருந்தார். சிறு வாசகர்கள் விடவில்லை என்பதால் கதை வளர்ந்து 1883-இல் நூலானது. திரைப்படத்தில் வரும் இனிப்பு இதில் இல்லை, பசி உண்டு. ஆகவே நீங்கள் முதலில் ஒரு முறை படித்துவிட்டுக் கொடுங்கள். ஆசிரியர் தம் புனைபெயராகக் கொண்ட கொலோதி, டஸ்கனியில் உள்ள கிராமம்; அங்கே 1956 முதல் பினோக்கியோ பூங்கா இருக்கிறது.

தொடருந்துப் பயணங்களில் அவளுக்கு வாசித்துக் காட்ட ஜியானி ரொதாரியின் ‘தொலைபேசிக் கதைகள்’ கைவசம் இருக்கட்டும். ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளர் ஒருவர் தம் மகளுக்கு ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் கதை சொல்கிறார். அழைப்புக்குச் செலவு அதிகம் என்பதால் ஒவ்வொரு கதையும் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையில் இரண்டு கதைகளை முடித்துவிடலாம்.